கடல் கொடுத்தேயாக வேண்டும்

அன்புள்ள அக்கா,

மார்கழி பிறந்துவிட்டால் நீங்கள் கல்லடிப் பாலத்தைக் கடந்து கடற்கரைப் பக்கம் வருவதில்லை என்று தெரியும். வரச்சொல்லி எழுதவில்லை. ஆறுதல் என்ற பெயரில் சபையார் உங்களிடம் ஓயாமல் சொல்வதைப் பற்றி எழுதுகிறேன்.

"தேவசித்தம் அம்மா, மகள் நல்ல இடத்தில் இருக்கிறாள்." 2004 டிசம்பர் 26, நத்தார்ப் பலகாரம் தீர்வதற்குள், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடந்த நாவலடியை, உங்கள் மகளையும் சேர்த்து, சுனாமி அலை வழித்துக்கொண்டு போனது. அன்றிலிருந்து இதைத்தான் சொல்கிறார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் இறந்தபோதும் அதே வார்த்தையைக் கேட்டேன். கொலைகாரன் செய்ததையும் கடவுளின் கணக்கில் எழுதுகிற பக்தி எனக்கு வேண்டாம். வேதாகமத்தில், பிள்ளைகளையெல்லாம் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான், பேசத் தொடங்கியதும் எல்லாம் கெட்டது.

லாசரு இறந்தபின் அவருடைய சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து, "நீர் இங்கே இருந்தீரானால்" என்று இயேசுவிடம் ஒரே குறையைச் சொன்னார்கள். அவர் ஒருத்தியையும் கடிந்துகொள்ளவில்லை. சற்றுநேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், நின்று அழுதார். உங்கள் கோபத்தை அவிசுவாசம் என்பவர்கள் யோவான் 11ஆம் அதிகாரத்தை அவசரமாகப் படித்தவர்கள்.

மற்றவர்கள் சேமக்காலைக்குப் பூவும் மெழுகுதிரியும் கொண்டுபோகிறார்கள். உங்கள் பிள்ளைக்கு ஒரு குழிகூட இல்லை. அதனால்தான் வெளிப்படுத்தின விசேஷம் 20ஆம் அதிகாரத்தின் ஒரு வரியை மட்டக்களப்பில் உரக்க வாசிக்கவேண்டும் என்கிறேன்: "சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது." எடுத்ததை வைத்துக்கொள்ளக் கடலுக்கு உரிமையில்லை. ஒருநாள் கேட்கப்படும், கொடுத்தேயாக வேண்டும். சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப்பிரமாணத்தில் வாரந்தோறும் சொல்கிறோமே, அதற்கு இதுதான் பொருள். அடுத்த அதிகாரத்தில் கடலே இல்லாமற்போகிறது. (மீன்பிடித்துப் பிழைக்கும் ஊருக்கு அது கொஞ்சம் சங்கடமான வசனம்தான்.)

இதனால் உங்கள் துக்கம் குறையும் என்று சொல்லமாட்டேன். அவளைத் திரும்பக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, அவ்வளவுதான்.

26ஆம் திகதி நினைவு ஆராதனைக்கு இந்தப் பகுதியையே வைக்கும்படி போதகரிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டார். வாசிப்பது நீங்களாக இருந்தால் நல்லது. முடியாதென்றால் நான் வாசிக்கிறேன். ஞாயிறுக்குள் சொல்லியனுப்புங்கள்.

அன்புடன்,
தம்பி