மால்தா மகளுக்கும் மற்ற எல்லோருக்கும்

வேலூர் சொந்தங்களுக்கு வணக்கம்.

என் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்த பிள்ளைகள், எந்நேரம் கூப்பிட்டாலும் ஆட்டோவோடு வந்து நின்ற தம்பி, இடியாப்பமும் ரசமும் கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அக்கா, முகம் சுளிக்காத நர்ஸ் பெண்கள், எல்லோருக்கும் கை கூப்புகிறேன்.

ஒருத்தியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

தோட்டப்பாளையத்தில் எங்கள் மாடி அறையை, வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கும் குடும்பங்கள்தான் அதிகம். காந்தி ரோட்டில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை என்று எங்கே பார்த்தாலும் வங்காள எழுத்தில் போர்டு இருக்கும். அதைப் படிக்க வேண்டும் என்று அறுபது தாண்டிய பிறகு என் மனைவிக்கு ஆசை வந்தது. வங்காள அறிஞர் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1855-இல் எழுதிய ‘வர்ண பரிச்சய்’ அங்கே பிள்ளைகளுக்கு அரிச்சுவடி. மாடியில் தங்கியிருந்த ஒருவர் ஊருக்குப் போகும்போது அதைக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எழுத உட்காருவாள். நாம் ஒரே ‘க’வை வைத்துக்கொண்டு சமாளிக்கும் இடத்தில் அவர்களுக்கு நாலு எழுத்து. நாம் புள்ளி வைத்துப் பிரித்து எழுதுவதை அவர்கள் பிணைத்துக் கூட்டெழுத்தாக்கிவிடுவார்கள், அதில்தான் திணறுவாள். எத்தனையோ வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் அவளை ஒரு மாணவியாக நான் பார்த்ததில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதும் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே டிவியை நிறுத்திவிடுவேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். என்னோடுகூடப் பேசவில்லை. அப்போது மாடியில் இருந்த, வங்காளத்து மால்தா ஊர்ப் பெண், தன் பிள்ளையின் வைத்தியத்துக்காக வந்தவள், அந்த அலைச்சலுக்கு நடுவே ஒரு சாயங்காலம் பார்க்க வந்தாள். கையில் பழமோ ஹார்லிக்ஸோ இல்லை. எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லி எங்கள் வீட்டைத் திறந்து, என் மனைவியின் நோட்டை எடுத்து வந்திருந்தாள். பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, அடுத்த பக்கத்தில் புதுக் கூட்டெழுத்துகளைப் பெரிதாக எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். “மாஷிமா, நாளைக்கு வந்து பார்ப்பேன்” என்றாள். அவர்கள் பாஷையில் மாஷிமா என்றால் அம்மாவின் சகோதரி. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி மூக்குக் கண்ணாடி கேட்டாள். அப்புறம் தலையணையை உயர்த்தச் சொன்னாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் அத்தனை பேரும் சொன்னபோது நம்பாதவள், அந்த வீட்டுப்பாடத்தை நம்பினாள். கோணல் மாணலாக ஓடும் அந்தப் பக்கத்தை விட எனக்குப் பெரிய சொத்து இல்லை.

மகளே, நானும் இப்போது உன் மாஷிமாவிடம் படிக்கிறேன். உன் பிள்ளை அடுத்த செக்கப்புக்கு வருவதற்குள் அவனோடு அவன் பாஷையில் நாலு வார்த்தையாவது பேசுவேன், இது சத்தியம். லாட்ஜ் எதுவும் தேடாதே. மாடி அறை உனக்குத்தான், வாடகைப் பேச்சே எடுக்கக் கூடாது.