தண்ணீர் பாலாகத் தெரிவது தகட்டின் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் பழைய அமெரிக்க ஆற்றுப் படங்களைப் பார்த்தேன், அச்சு பிரமாதம். ஆனால் 'மனிதர் கால்படாத காட்டாறுகள்' என்று தலைப்புப் போட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

அந்தத் தண்ணீர் பால் மாதிரி, புகை மாதிரி தெரிகிறதே, அது ஆற்றின் ஆவேசம் இல்லை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. ஒரு படத்துக்குச் சில விநாடிகளாவது லென்ஸைத் திறந்தே வைக்க வேண்டும், அதற்குள் ஓடுகிற தண்ணீர் எல்லாம் கலந்து வெள்ளையாகிவிடும். 1858-ல் தஞ்சைக்கு வந்த ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் டிரைப் பெரிய கோயில் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி நீளப் படமாக்கினார். கல் அசையாது, அவருக்குக் கவலையில்லை.

எங்கள் தாத்தா திருவையாற்றில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஒரு ஆடிப்பெருக்கன்று விடியற்காலையில் புஷ்ய மண்டபப் படித்துறையில் பெட்டி கேமராவை நிறுத்தி, மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி மூடினாராம். படத்தில் காவிரி வெறும் வெள்ளைப் பட்டை. கூட்டம் மொத்தமும் நிழல் நிழலாக இழுபட்டிருக்க, காப்பரிசித் தட்டோடு அசையாமல் நின்ற ஒரு அம்மாள் மட்டும் தெளிவு, மூக்குத்தி வரைக்கும். அதைப் பார்த்துவிட்டு அன்றைக்குப் படித்துறையில் ஆளே இல்லை என்று யாராவது சொன்னால் எப்படி?

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றிலும் அதே கதைதான். அந்நாட்டுப் படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1867-ல் அங்கே படமெடுத்தபோது, அந்த ஆற்றின் செலிலோ அருவியில் பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சால்மன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத ஆறு என்று பார்க்கிறவர்கள்தான் முடிவுகட்டிக்கொண்டார்கள், அந்த அருவியும் 1957-ல் அணை நீரில் மூழ்கிப்போனது.

அப்புறம் 'காட்டாறு' என்ற சொல். பட்டுக்கோட்டைப் பக்கம் அக்னியாற்றைக் காட்டாறு என்போம், மழைக்கு வரும், வடிந்துவிடும், அவ்வளவுதான். கல்லணையில் மதகு திறந்தால் எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டே நாற்று விடுகிற ஊர்க்காரனுக்கு, ஆள் கால்படாத ஆறு என்றால் என்னவென்றே விளங்கவில்லை ஐயா.

அடுத்த முறை படத்தின் கீழே ஆற்றின் பெயரையும் வருடத்தையும் கரையில் இருந்த மக்களையும் போடுங்கள். தாத்தாவின் கண்ணாடித் தகடு என்னிடம்தான் இருக்கிறது, ஒரு மூலையில் விரிசல். கேட்டால் துணியில் சுற்றி நானே கொண்டுவருகிறேன், தபாலை நம்பி அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
பழைய ஸ்டூடியோக்காரர் பேரன், திருவையாறு