நூலகர்களுக்கு ஒரு மடல்: வயதை மட்டும் கேட்காதீர்கள்

அன்புள்ள நூலகர்களுக்கு,

என் மகளுக்கு 13 வயது. போன மாதம் ஒரு தடிமனான நாவலை எடுத்துக்கொண்டு உங்களில் ஒருவரின் மேசைக்கு வந்தாள். அலமாரி ஓரமாக நின்றே பதினைந்து பக்கம் படித்துவிட்டு, விட்ட இடம் தெரிய ஆள்காட்டி விரலை உள்ளே நுழைத்து வைத்திருந்தாள். அவர் அட்டையை மட்டும் பார்த்தார். "இது பெரியவங்க படிக்கிறதும்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் மூன்று வாரம் அவள் நூலகப் பக்கமே வரவில்லை.

உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. நடை எளிதாக இருந்தால் மட்டும் ஒரு புத்தகம் இந்த வயதுக்குப் பொருந்திவிடாது. சின்னச் சின்ன வாக்கியங்களுக்குள் ஒரு தற்கொலை இருக்கலாம். அப்புறம், சிறுவர் கதைகளில் கடைசியில் யாராவது கைகொடுப்பார்கள். பெரியவர்களின் நாவலில் அந்த உத்தரவாதம் கிடையாது. ஒரு கதையில் கொடுமை செய்தவன் கடைசிவரை நிம்மதியாக வாழ்ந்துவிட்டான். சண்டை, ரத்தம் எல்லாவற்றையும் சுலபமாகத் தாண்டிப் போன என் மகள், "அவனை ஏன் யாருமே கேக்கல?" என்று இரண்டு நாள் என்னைத் துளைத்தெடுத்தாள்.

அந்தக் கேள்விக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். அதனால் வீட்டில் நானும் கூடவே படிக்கிறேன். ஒரே புத்தகத்தில் இரண்டு அடையாளச் சீட்டுகள். அவளுடையது எப்போதும் முன்னால் ஓடும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடைசியாக என்ன படித்தாய், எதைப் பாதியில் மூடினாய் என்று கேளுங்கள். பாதியில் மூடிய புத்தகம் நிறையச் சொல்லும். பிறகு, "நடுவில் ஒரு மரணம் வருது, கனமா இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதியாக எழுதிவிட்டார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளம் வாசகர் பிரிவு 1998 முதல் அலெக்ஸ் விருது வழங்குகிறது. பெரியவர்களுக்காக எழுதப்பட்டவற்றில் 12 முதல் 18 வயதினரைக் கவரக்கூடிய பத்துப் புத்தகங்கள், ஆண்டுதோறும். அதுபோல உங்கள் அலமாரியிலிருந்தே ஒரு சின்னப் பட்டியல் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்போடு.

அந்த நாவலை என் பெயரில் எடுத்துவந்துவிட்டேன். இப்போது 212-ஆம் பக்கத்தில் இருக்கிறாள். அடுத்ததை அவளே வந்து கேட்பாள். உட்காரவைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்