கண் முகாம் நடத்துற பெரியவங்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி சுத்துவட்டாரத்துல வருஷா வருஷம் கண் முகாம் போடுற பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் கானாடுகாத்தான் பக்கம், பலகாரம் போடுற வீட்டுல முறுக்கு சுத்துற வேலை பாக்குறேன். என் பொண்ணுக்கு ஒன்றரை வயசுல இடது கண்ணுல புரைன்னு கண்டுபிடிச்சதே ஒரு முகாம்லதான், மதுரைக்குக் கூட்டிட்டுப் போயி லென்ஸ் வச்சு ஆபரேஷன் பண்ணி ஒரு பைசா வாங்காம அனுப்புனாங்க, அந்த நன்றி சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா வேன்ல கொண்டாந்து இறக்கி விட்டவரு "எல்லாம் முடிஞ்சுருச்சும்மா, இனி கவலையில்ல"ன்னு சொன்னாரு. நாங்களும் நம்பி எட்டு மாசம் செக்கப்புக்கே போகல.

முடியலங்க. அதோட முடியுறது பெரியவங்களுக்குத்தான்.

பிறக்கும்போது கண்ணு முன்னாலருந்து பின்னால வரைக்கும் கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர்தானாம், வளந்து முடிக்கையில 23, 24 வரைக்கும் வந்துரும், அதுல பெரும்பகுதி முதல் ரெண்டு வருஷத்துலயே வளந்துருமாம். கண்ணு வளருது, உள்ள வச்ச லென்ஸ் பவர் அப்படியேதான் இருக்கு. அதனால டாக்டருங்க வேணும்னே கொஞ்சம் பவரக் குறைச்சு வைக்கிறாங்க, வளர்ற பிள்ளைக்குப் பாவாடைய உள்பக்கம் மடிச்சுத் தச்சு வருஷா வருஷம் பிரிச்சு விடுவோம்ல, அந்த மாதிரி. கண்ணு வளந்து முடியுற வரைக்கும் கண்ணாடிதான் ஈடு கட்டணும். என் பொண்ணுக்கு மொதல்ல ப்ளஸ் 4, இப்ப ஏழு வயசுல மைனஸ் ஒன்றரை. நடுவுல எத்தன கண்ணாடி மாத்துனோம்னு எண்ணவே விட்டுட்டேன். வச்ச லென்ஸுக்கு கிட்டக்க, தூரக்கன்னு தானா மாறத் தெரியாதுங்கறதால படிக்க கீழ்ப்பவரும் சேத்துப் போடணும், எங்க அப்பத்தா அதப் பாத்துட்டு "பிள்ளைக்கு ஏன்டி கிழவி கண்ணாடி"ன்னு அழுதுச்சு.

விட்ட எட்டு மாசத்துல அந்தக் கண்ணு சோம்பேறிக் கண்ணாயிருச்சு, அதாவது மூளை அந்தக் கண்ணுல பாக்கப் பழகாமலே விட்டுருச்சு. அப்புறம் அந்தக் கண்ணுக்கு வேலை குடுக்க நல்ல கண்ண ஒட்டு போட்டு மறைக்கச் சொன்னாங்க. மறைச்ச மொத நாளு, வேலை செய்யுற வீட்டு வளவுல பூப் போட்ட ஆத்தங்குடி தரைக்கல்லு மேல உக்காந்து கையால தடவித் தடவி "அம்மா பூ எங்க"ன்னு கேட்டா. பூ மேலதான் கை இருந்துச்சு.

இப்ப போர்டுல பெரிய எழுத்து தெரியுது. இன்னும் வரும்ங்கறாங்க, ஆனா போன எட்டு மாசம் முழுசாத் திரும்பாதுன்னும் சொல்லிட்டாங்க. கண்ணு பிரஷர் ஏறுதான்னும் காலம் பூரா பாக்கணுமாம், ஏன்னா புரை எடுத்த பிள்ளைகளுக்கு வருஷங் கழிச்சும் அது வரலாம், வலி இல்லாமலே பார்வைய தின்னுரும்.

முகாம் போஸ்டர்ல இத்தன பேருக்கு ஆபரேஷன்னு போடுறீங்க, சந்தோஷம். அதுல சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் தனியா ஒரு நோட்டு போடுங்கய்யா, 18 வயசு வரைக்கும். யாரு எப்ப செக்கப்புக்குப் போகணும், பவர் மாறுச்சா, வராத வீட்டுக்கு ஒரு போன். மதுரை போயிட்டு வந்தா எனக்கு ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி, கண்ணாடி காசு அதுக்கும் மேல, இதனாலேயே நின்னு போன பிள்ளைகள நானே பாத்துருக்கேன். முகாம்ல விருந்துக்கு ஆகுற செலவுல பாதி போதும்ங்க. ஸ்கூல் டீச்சர்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லுங்க, ஒட்டு போட்ட பிள்ளைய மத்த பிள்ளைக கிண்டல் பண்ணாமப் பாத்துக்கச் சொல்லி.

மாசி பங்குனி திருவிழா முடிஞ்சதும் அடுத்த முகாம்னு கேள்விப்பட்டேன். நோட்டு நான் வாங்கிட்டு வரேன். மொதப் பக்கத்துல என் பொண்ணு பேர எழுதிக்கங்க.