இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்ன தலையங்கம்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உணவும் உடையும் தந்து ஆதரிப்பது கிறிஸ்தவக் கடமை என்றும், அவர்களுடைய கூலிக்காக வழக்காடுவது தொழிலாளர் இயக்கங்கள் தாமாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை என்றும் சென்ற இதழின் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். தங்கள் இதழை நெடுங்காலமாக ஒரு பக்கம் விடாமல் வாசித்துவருபவன் நான். கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் ஒன்றில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவனும்கூட. அந்த ஒரு வாக்கியத்தைக் கடந்து மேற்கொண்டு படிக்க என்னால் இயலவில்லை.

இந்த இயக்கங்கள் எப்படிப் பிறந்தன என்பது தாங்கள் அறியாததன்று. கத்தோலிக்கக் குருவாவதற்காகக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த ஜோசப் கார்டைன் விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட பள்ளித் தோழர்கள் அவரை முதலாளிகளின் பக்கம் போய்விட்டவராகவே பார்த்தார்கள். அந்தக் காயம் அவரை விடவில்லை. பெல்ஜியத்தில் 1925-இல் அவர் தொடங்கிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் உருப்பெற்றபோது, தொழிலாளர்களிடையே, தொழிலாளர்களாலேயே, தொழிலாளர்களுக்காக என்பதே அதன் அடிப்படையாயிற்று. நிலைமையைப் பார், நற்செய்தியின் ஒளியில் ஆராய், பிறகு செயல்படு என்ற மூன்று படிகளை அவர் கற்றுத்தந்தார். பார்ப்பதோடும் பரிதாபப்படுவதோடும் நின்றுவிடுங்கள் என்று தங்கள் தலையங்கம் இப்போது கேட்டுக்கொள்கிறது.

எங்களிடம் வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கட்டுமானத் தொழிலாளி, வேறு நாட்டிலிருந்து வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்த பிறகு, அவர் தன்னிடம் வேலை செய்யவே இல்லை என்று ஒப்பந்தக்காரர் சாதித்தார். முதன்மை நிறுவனம் துணை ஒப்பந்தக்காரரைக் கைகாட்டியது. துணை ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்பிய முகவரைக் கைகாட்டினார். முகவரின் தொலைபேசி எடுக்கப்படவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்லி முதல் நாளே வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பலாம் என்றாலோ, வேலைக்கு வருவதற்காக முகவருக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. நல்லவர்கள் சிலர் அவருக்கு அரிசியும் போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவரைக் காப்பாற்றியது அவரிடமிருந்த ஒரு சிறிய நோட்டுப்புத்தகம். எந்த நாளில் எந்தத் தளத்தில் வேலை, எத்தனை மணிக்கு ஏறினார், எத்தனை மணிக்கு இறங்கினார், மேஸ்திரி பெயர் என்ன என்றெல்லாம் தம் மொழியில் குறித்துவைத்திருந்தார். எங்கள் குழுவினர் இரவுகளில் உட்கார்ந்து அதைப் பெயர்த்தெழுதி, கூலியையும் ஓவர்டைம் பாக்கியையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தோடு தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். நிலுவை கிடைத்தது, பாஸ்போர்ட்டும் திரும்பியது. தாங்கள் தேவையற்றதென்று எழுதிய வழக்காடுதல் இதுதான், ஐயா.

எனக்கு இன்னும் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்தக் கட்டடத்தில் உள்ளூர்த் தொழிலாளர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர்களால்தான் தங்கள் கூலி இறங்குகிறது என்று அவர்கள் கோபமாக இருந்தார்கள். எங்கள் உறுப்பினர்கள் சிலருக்கும் அந்த எண்ணம் இருந்தது. குறைந்த கூலிக்கு வந்தவர் தாமாக விரும்பியா வந்தார், கடனாலும் பறிக்கப்பட்ட பாஸ்போர்ட்டாலும் அந்தக் கூலிக்குக் கட்டுப்படுத்தப்பட்டாரா என்று நாங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பக் கேட்டோம். அடிமைப்பட்ட ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு உள்ளூர்க்காரரிடம் பேரம் பேசுவது முதலாளிக்கு எளிது. பக்கத்தில் நிற்பவருக்கும் அதே கூலி, அதே ஓய்வு, அதே விபத்து இழப்பீடு என்றாகிவிட்டால் அந்தப் பேரம் செல்லாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, அந்தத் தொழிலாளிக்காக வாக்குமூலம் தர முதலில் முன்வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களே. தோழமை என்று எங்கள் இயக்கம் சொல்வது இதைத்தான். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்ற நிலை அதில் இல்லை; இருவரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள்.

இது நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த கொள்கையும் அன்று. திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், அயல்நாட்டில் உழைப்பவர் உரிமைகளில் மற்றத் தொழிலாளர்களைவிடத் தாழ்த்தப்படக் கூடாது என்று தெளிவாகவே வலியுறுத்தினார். அதற்கும் வெகுகாலம் முன்பே விவிலியத்தின் இணைச்சட்ட நூல், கூலியாள் சொந்த இனத்தவனானாலும் அந்நியனானாலும் பொழுது சாய்வதற்குள் அவன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று கட்டளையிட்டுவிட்டது. அங்கே கேட்கப்படுவது அன்னதானம் அன்று, உழைத்த கூலி. உலகச் சட்டமும் இந்தத் திசையில்தான் நடந்திருக்கிறது. புலம்பெயர் தொழிலாளர்களையும் அவர்களுடைய குடும்பத்தினரையும் பாதுகாக்க 1990-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற உடன்படிக்கை, சட்டப்படி அதிகாரம் பெற்ற அலுவலரைத் தவிர வேறு எவரும் ஒருவருடைய அடையாள ஆவணங்களைப் பறிமுதல் செய்வது சட்டவிரோதம் என்கிறது. வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஏற்ற 189-ஆம் உடன்படிக்கையும், பயண ஆவணங்களைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை அவர்களுக்கு உறுதிசெய்கிறது. ஆனால், புலம்பெயர் தொழிலாளர்களை வரவழைத்துப் பயன்பெறும் செல்வநாடுகள் பல 1990-ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் இன்றளவும் சேரவில்லை. அதைப் பற்றித் தங்கள் இதழில் ஒரு பத்தியேனும் வந்ததாக எனக்கு நினைவில்லை.

நினைவு என்று சொன்னதும், மனத்தில் கிடக்கும் வேறு சிலவற்றையும் மன்னிப்போடு சொல்லிவிடுகிறேன். தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவைத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளுக்கு ஏற்படுத்தியதன் நோக்கம் தங்களுக்குத் தெரியும். ஆயினும் ஆண்டுதோறும் மே இதழின் அட்டையில் உளியும் மரமும் ஏந்திய யோசேப்பைக் காண்கிறோம்; உள்ளே உயிரோடிருக்கும் ஒரு தொழிலாளியின் குரலைக் காண்பதில்லை. 2025-இல் புதிய திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்தபோது பல பக்கங்களில் மகிழ்ச்சி தெரிவித்தீர்கள். 1891-இல் தொழிலாளர் உரிமைகளைப் பற்றிச் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைத்தே அந்தப் பெயரைத் தேர்ந்ததாக அவரே சொன்னதற்கு ஒரு வரிதான் கிடைத்தது. வீட்டுவேலை செய்யும் பெண்களின் வார ஓய்வைப் பற்றி எங்கள் குழு அனுப்பிய கட்டுரைக்கு, இடமில்லை என்ற பதில்கூட வரவில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது ஒரு படம். உதவிப் பொருள் வழங்கும் விழாவில், பொட்டலத்தை வாங்கும் தொழிலாளர்களின் முகங்களைப் பெரிதாக வெளியிட்டிருந்தீர்கள். அவர்களில் ஒரு பெண், தம்மை ஊதியமின்றி வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவர்; இருக்குமிடம் வெளியே தெரிந்துவிட்டதே என்று அஞ்சி, அந்த இதழ் வந்த வாரமே தங்குமிடத்தை மாற்றிக்கொண்டு போய்விட்டார். தாங்கள் வேண்டுமென்று செய்ததாக ஒருபோதும் நினைக்கவில்லை. ஆனால் அவர்களோடு அமர்ந்து ஒரு நாள் பேசியிருந்தாலே, அந்தப் படத்தை வெளியிட ஒருவருக்கும் மனம் வந்திராது. இரக்கம் மட்டும் போதும் என்று எழுதுவதற்கு முன் அந்தப் பெண்ணை நினைத்திருக்கக் கூடாதா என்றுதான் என் மனம் கேட்கிறது.

தலையங்கத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. கடைசிப் பக்கத்தின் ஒரு மூலையில், மாதந்தோறும் அரைப் பத்தி இடம் தாருங்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது, வேலை நேரத்தை அன்றன்றே குறித்துவைப்பது, பாஸ்போர்ட்டின் படியை நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவைப்பது, கூலி நிறுத்தப்பட்டால் எங்கே முறையிடுவது என்பவற்றைத் தொழிலாளர்கள் பேசும் மொழிகளில் எங்கள் குழு எழுதித் தரும். எங்கள் பெயரோ படமோ வேண்டாம். தங்கள் இசைவு தெரிந்தால் முதல் மூன்று மாதங்களுக்கான குறிப்புகளை உடனே அனுப்பிவைக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்க உறுப்பினர் ஒருவர்