ரிம் மாற்றிய பின்சக்கரம் நடுவில் நிற்கவில்லை: புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 600 081.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: ரிம் மாற்றிய பின்சக்கரம் ஒருபக்கமாக ஒதுங்கி நிற்பதும், பழியை ஃப்ரேம் மேல் போட்டு மறுபடி பணம் கேட்பதும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எண்ணூர் விரைவு சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு வழிவிட்டு ஓரம்கட்டியபோது, பள்ளத்தில் இறங்கி என் கியர் சைக்கிளின் பின் ரிம் நெளிந்துவிட்டது. அதற்கு உங்களைக் குறை சொல்லவில்லை, வாரன்டியும் கேட்கவில்லை. வண்ணாரப்பேட்டையில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டரில் ரிம், போக்ஸ் கம்பி, கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய் கட்டித்தான் மாற்றினேன். பில் நகல் இத்துடன் இருக்கிறது.

வண்டியை எடுத்த அன்றே பின் பிரேக்கின் இடது கட்டை ரிம்மில் உரசியது. திரும்பக் கொண்டுபோனேன். சக்கரத்தைச் சுழற்றிக் காட்டி, "கோட்டமே இல்லையே சார், நூல் பிடிச்ச மாதிரி சுத்துது" என்றார்கள். சுத்துவது உண்மைதான். ஆனால் கோட்டம் இல்லாமல் சுழல்வது வேறு, ரிம் நடுவில் நிற்பது வேறு. முழு ரிம்மும் ஒரே அளவு இடது பக்கம் ஒதுங்கியிருந்தாலும் சக்கரம் ஆடாமல்தான் சுழலும். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன்: ரிம்முக்கும் ஃப்ரேம் கம்பிக்கும் இடையே இடது பக்கம் 11 மி.மீ., வலது பக்கம் 19 மி.மீ. அதாவது நடுவிலிருந்து 4 மி.மீ. விலகல்.

இதைக் காட்டியதும் உங்கள் ஆட்கள் பிரேக் ஸ்பிரிங்கை ஒருபக்கம் முறுக்கி, அச்சைக் கொஞ்சம் சாய்த்து நட்டை இறுக்கி அனுப்பினார்கள். கண்ணுக்கு நடுவில் நிற்பதுபோலத் தெரிந்தது, ஆனால் கியர் தாவ ஆரம்பித்தது. மறுபடி போய் நின்றபோதுதான் ஜாப் கார்டில் "ஃப்ரேம் பெண்ட்" என்று எழுதி, ஃப்ரேமை மாற்றச் சொன்னார்கள். அதற்கு அவர்கள் சொன்ன விலைக்குப் பழைய சைக்கிள் ஒன்றே வாங்கிவிடலாம்.

கொருக்குப்பேட்டையில் பல வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் பிரேக்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை இடம் வலமாகத் திருப்பி, பல்சக்கரம் இடது பக்கம் வரும்படி மாட்டினார். அச்சு இரண்டு பக்கமும் ஃப்ரேமில் அது உட்காரும் காடியில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். இப்போது ரிம் வலது பக்கம் ஒதுங்கி நின்றது, அதே 4 மி.மீ. "ஃப்ரேம்ல கோட்டம் இருந்தா வீலை எப்படி மாட்டினாலும் ஒரே பக்கம்தான் நிக்கும் சார். இது வீலோடயே தாவுது பாருங்க" என்றார். இதற்கு ஆன செலவு, அவருக்கு நான் வாங்கித் தந்த டீ. உங்கள் சென்டரில் இதைச் செய்து பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

காரணத்தையும் அவரே காட்டினார். பின் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடு உருளையில், வலது பக்கம் பல்சக்கரம் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துப் போக்ஸ் கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும். ரிம் நடுவுக்கு வர அவை மறுபக்கத்தைவிட அதிக முறுக்கில் இருக்க வேண்டும். நீளமும் சற்றுக் குறைவாக வேண்டும். இரண்டு பக்கக் கம்பிகளையும் தட்டினால் சத்தம் வேறுபட வேண்டும். என் சக்கரத்தில் இரண்டும் ஒரே சத்தம். டியூபைக் கழற்றினால் இன்னொரு வேடிக்கை: வலது பக்கக் கம்பிகளின் முனை, அவற்றை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டான நிப்பிளைத் தாண்டி ரிம்முக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நீளக் கம்பி போட்டிருக்கிறீர்கள். வலது பக்கத்தை இன்னும் இறுக்கலாம் என்றால் மரை அதோடு முடிந்துவிட்டது. ரிம் மாற்றியதிலிருந்து பின்சக்கரம் ஓயாமல் பஞ்சர் ஆனதற்கும் இதுதான் காரணம். ஓட்டை எல்லாமே டியூபின் உள்பக்கம், ரிம்மை ஒட்டிய இடத்தில். ரோட்டு ஆணி குத்தினால் அங்கே ஓட்டை விழாது. ஒட்டுப்போட்ட டியூபைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுகிறேன்.

எனவே வலது பக்கத்துக்குச் சரியான நீளக் கம்பி போட்டு, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, சக்கரத்தைத் திருப்பி மாட்டி என் கண் முன்னே காட்டித் தர வேண்டும். அது முடியாதென்றால் 1,850 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள், கொருக்குப்பேட்டையிலேயே செய்துகொள்கிறேன். எப்படியானாலும் புது டியூப் ஒன்று தர வேண்டும். ஜாப் கார்டில் எழுதிய "ஃப்ரேம் பெண்ட்" தவறு என்று எழுத்திலும் வேண்டும். நாளைக்கு ஃப்ரேம் வாரன்டி என்று வந்து நின்றால் அந்த இரண்டு வார்த்தையைத்தான் காட்டுவீர்கள்.

15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சேவைக் குறைபாடு என்று சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. பில், ஜாப் கார்டு, ஸ்கேல் வைத்து எடுத்த படங்கள், சக்கரத்தைத் திருப்பி மாட்டிய வீடியோ எல்லாம் கைவசம் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை.