சான் ஹுவானில் இறங்கப்போகும் கப்பல் பயணிகளுக்கு

அன்புள்ள நண்பர்களே,

வணக்கம். விடுமுறை வந்தால் குடும்பத்தோடு கரீபியன் கப்பல் பயணம் கிளம்புவது அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களிடையே சகஜமாகிவிட்டது. பல கப்பல்கள் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானிலும் சில மணி நேரம் நிற்கின்றன. அந்த நேரத்தைத் துறைமுகத்துக்கு எதிரே உள்ள கடைகளிலேயே தீர்த்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

இறங்கியதும் இடப்பக்கம் திரும்பி, பசேயோ தெ லா பிரின்செசா என்ற நடைபாதையைப் பிடியுங்கள். வலது கைப்பக்கம் பழைய ஊரின் மதில் எழும்பி நிற்கும். கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். காரை உதிர்ந்த இடங்களில் உள்ளே இருக்கும் மணற்கல் தெரியும்; உப்புக் காற்று அரித்து அரித்து அதில் குழி விழுந்திருக்கும். இரண்டு பக்கமும் கல் வைத்து, நடுவில் மண்ணும் கல்லும் கொட்டிக் கட்டிய மதில் இது. விரிசல் வழியே மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் நடுவில் உள்ள மண் ஊறிக் கல்லைத் தள்ளிவிடும். அதனால் தயவுசெய்து படம் எடுப்பதற்காக மதில் மேலே ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள்.

அப்படியே நடந்தால் சிவப்பு வண்ணம் பூசிய சான் ஹுவான் வாசல் வரும். கடலில் வந்தவர்கள் ஒரு காலத்தில் இதன் வழியாக நுழைந்து, நேரே மேலே இருக்கும் பேராலயத்துக்குப் போய், கரை சேர்த்த கடவுளுக்கு நன்றி சொல்வார்களாம். 1625இல் டச்சுக்காரர்கள் புகுந்து ஊரையே கொளுத்திவிட்டுப் போனார்கள். ஊரைச் சுற்றி மதில் எழுந்தது அதற்கப்புறம்தான். இந்த ஊரைப் போலவே ஸ்பெயினின் கையில் இருந்த கியூபாவின் ஹவானாவை 1762இல் ஆங்கிலேயர் பிடித்ததும் ஸ்பெயின் அரசர் பதறிப்போய் இங்கே கோட்டைகளைப் பலப்படுத்த உத்தரவிட்டார். சான் கிறிஸ்டோபல் கோட்டை இன்றுள்ள பிரம்மாண்டத்தை அடைந்தது அப்போதுதான். கல் சுமந்தவர்களில் அடிமைகளும் கைதிகளும் இருந்தார்கள். கடலோரத்தில் இருக்கும் எல் மோரோ கோட்டையின் உச்சியில் நின்று கடலைப் பார்க்கும்போது அவர்களையும் நினையுங்கள்.

உள்ளே தெருக்களில் நீலச் சாயல் கற்கள் பாவியிருக்கும். இரும்பு உருக்கியபின் மிஞ்சும் கசடை வார்த்துச் செய்தவை அவை. மழை பெய்தால் நன்றாக வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

வடக்குப் பக்கம் மதிலுக்கும் கடலுக்கும் நடுவே லா பெர்லா என்ற குடியிருப்பு இருக்கிறது. மதிலுக்குள் வீடு மறுக்கப்பட்ட ஏழைகளும் கறுப்பின மக்களும் தங்கிய இடம். மேலே சாலையில் நின்றுகொண்டு அவர்கள் வீட்டு முற்றத்தையும் கொடியில் காயும் துணியையும் படம் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நம் வீட்டுக் கொல்லையை யாராவது அப்படிப் படம் எடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

கப்பல் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இரவு அங்கே தங்குபவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். எனக்கு இதுதான் முக்கியம். இது அருங்காட்சியகம் இல்லை, ஆட்கள் குடியிருக்கும் ஊர். 2019 ஜூலையில் ஆளுநர் பதவி விலக வேண்டும் என்று மக்கள் இரவு பகலாகத் திரண்டது இந்தத் தெருக்களில்தான். அவர் விலகவும் செய்தார். இப்போது அதே தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கு நாள் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. குடியிருந்தவர்கள் வாடகை கட்டுப்படியாகாமல் வெளியேறுகிறார்கள். முழு வீட்டையும் பயணிகளுக்கென்றே ஒதுக்கி வாடகைக்கு விடும் இடம் வேண்டாம். முறையான ஹோட்டலில் தங்குங்கள், இல்லையென்றால் உரிமையாளர் தானும் குடியிருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விடும் வீடாகப் பாருங்கள். பதிவு செய்வதற்கு முன் "நீங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறீர்களா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும், பதில் வந்துவிடும்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு பயணி